படக்கதை வாங்கும் முன் பேச்சு பலூனைப் படித்துப் பாருங்கள்

"எழுத்தவே பாக்க மாட்டேங்குறான் மேடம். படத்தப் பாத்துக் கதைய அவனா அடிச்சு விடுறான்." பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அழைத்து வருகிற பெற்றோரிடம் அடிக்கடி கேட்கும் புகார். யானையும் அணிலும் கூட்டாளிகளாக வரும் ஏதாவது ஒரு படக்கதை கையில் இருக்கும். சில வீடுகளில் படத்தைக் கையால் மறைத்துவிட்டு "இப்பப் படி" என்கிறார்கள்.

தயவுசெய்து மறைக்காதீர்கள். படத்தைப் பார்த்துக் கதையைப் பிடிப்பது ஒரு திறமை. எழுத்தைக் கூட்டி வாசிப்பது இன்னொன்று. படக்கதையின் முதல் கட்டத்துக்குள், அதாவது முதல் பெட்டிப் படத்தில், அணில் கிளையில் நிற்கிறது, அடுத்ததில் யானையின் தலைமேல் இருக்கிறது. இடையில் அது குதித்ததை யாரும் வரையவில்லை. "குதிச்சிருச்சு" என்று நாலரை வயதுப் பிள்ளை சொன்னால், விட்ட இடத்தைத் தானாக நிரப்பியிருக்கிறது என்று பொருள். நாளைக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளவும் இதுதான் வேண்டும்.

எழுத்தை வாசிக்கும்போது மட்டும் படத்தை நம்பவிடக் கூடாது. 'குதித்தது' என்று அச்சிட்டிருக்க, பிள்ளை 'தாவுச்சு' என்றால் அதட்ட வேண்டாம். "படத்தப் பாத்து யோசி" என்று எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். முதல் எழுத்தில் விரலை வைத்து "இது என்ன சத்தம்?" என்று கேளுங்கள், போதும்.

இந்தப் புத்தகங்களில் என் கண் முதலில் போவது பலூனுக்குத்தான், அதாவது பாத்திரங்கள் பேசுவதை எழுதியிருக்கும் குமிழுக்கு. பேசுகிறவர் 'நான்', கேட்கிறவர் 'நீ'. அடுத்த பலூனில் அது அப்படியே மாறிவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு இந்த இடம் குழப்பம். "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று நாம் கேட்டதையே, தனக்குத் தாகம் எடுக்கும்போது திருப்பிச் சொல்வார்கள். பலூனின் வால் யார் வாயிலிருந்து வருகிறது என்று தொட்டுக் காட்டுங்கள். நீங்கள் யானை, பிள்ளை அணில் என்று பிரித்துப் படித்துவிட்டுப் பிறகு ஆள் மாறிக்கொள்ளுங்கள். அமெரிக்க எழுத்தாளர் மோ வில்லெம்ஸ் 2007 முதல் 2016 வரை எழுதி வரைந்த யானை, பன்றிக்குட்டி புத்தக வரிசையில் கதைசொல்லியே கிடையாது, எல்லாம் பேச்சு. யானைக்குச் சாம்பல் நிற பலூன், பன்றிக்குட்டிக்கு இளஞ்சிவப்பு. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் இப்போது யார் முறை என்று தெரிந்துவிடும். வண்ணத்தில் அச்சடிக்கும் நம் பதிப்பாளர்கள் இதைச் செய்ய என்ன தடை?

மேகம் போல வரையும் நினைப்பு பலூன் இன்னும் ஒரு படி மேல். வாயால் "பரவால்ல" என்கிற அணில் உள்ளுக்குள் "என் பழத்தத் தின்னுட்டியே!" என்று பொருமுகிறது. இன்னொருவர் மனதில் வேறு ஏதோ ஓடலாம் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு, ஐந்து வயதில்தான் பிடிபடத் தொடங்குகிறது. அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காகக் குச்சி மனிதர்களையும் இந்த இரண்டு வகை பலூன்களையும் கொண்ட உரையாடல் முறையை 1994இல் வெளியிட்டார். பள்ளியில் நடந்த சண்டையைத் தாளில் இப்படி வரைந்து பேசுவது எங்கள் அறையிலும் உண்டு. மனிதர்களுக்குப் பதில் முயலும் ஆமையும் சண்டை போட்டால் பிள்ளைகள் சீக்கிரம் வாய் திறக்கிறார்கள். பழி முயல் தலையில் விழுந்துவிடுகிறதே!

தமிழ்ப் புத்தகங்கள் சறுக்குவதும் பலூனில்தான். "நீ எங்கே சென்றுகொண்டிருக்கிறாய்?" என்று எந்த வீட்டில் எந்தப் பிள்ளை கேட்கும்? ஒவ்வொரு எழுத்தையும் சரியாகக் கூட்டி முடித்தாலும், காதில் விழுந்து பழகாத பேச்சு என்பதால் அர்த்தம் பிடிபடுவதில்லை. கட்டத்தின் மேலே வரும் வரி எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பலூனுக்குள் "எங்க போற?" என்று வரட்டும். இதைக் கொச்சை என்று சொல்லும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அச்சையும் கவனியுங்கள். ஆங்கிலத்துக்கு வரைந்த பலூனில் தமிழைத் திணித்தால் எழுத்து பொடியாகும். 'விளையாடலா' ஒரு வரியிலும் 'மா' அடுத்த வரியிலும் போய் விழும். நெளிநெளியான எழுத்துருவில் புள்ளி மங்கினால் 'பல்' 'பல' ஆகிவிடும். கொம்பு முன்னால் நிற்க, மெய்யை முதலில் ஒலிக்க வேண்டிய கெ, கே, கொ, கோ ஏற்கெனவே பிள்ளைகளைத் திணறடிக்கும். கடையிலேயே இரண்டு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

1980களில் பூந்தளிர் சிறுவர் இதழில் குரங்கு கபீஷையும் காக்கை காளியையும் படித்து வளர்ந்த அப்பா அம்மாக்கள் (நானும் அந்தக் கூட்டம்தான்) பழைய இதழ்களைத் தேடிப்பிடித்து ஐந்து வயதுப் பிள்ளையிடம் நீட்டுகிறார்கள். அவை இன்னும் பெரிய பிள்ளைகளுக்கானவை. மடியில் உட்காரவைத்து நீங்கள் படித்துக் காட்டுங்கள், தானாகப் படிக்கச் சொல்லாதீர்கள். செலவில்லாமல் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இருக்கின்றன. பெரும்பாலும் பலூன் இருக்காது. நல்லதுதான், அச்செடுத்து, வெள்ளைத் தாளில் பலூன் வெட்டி ஒட்டி, பிள்ளை சொல்வதை அதன் வாய்மொழியிலேயே எழுதுங்கள்.

ஐந்து வயதாகியும், நான்கு கட்டக் கதையில் "யானை, மரம், பழம்" என்று பெயர்களை மட்டும் சொல்லி, என்ன நடந்தது என்று சொல்ல வராவிட்டால், புத்தகத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். முதலில் செவித்திறன் பரிசோதனை, பிறகு பேச்சு மொழிப் பயிற்சியாளர். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்ளும் பிள்ளை என்றால் தள்ளிப் போடவே வேண்டாம். அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) எங்கே என்று விசாரியுங்கள். அங்கே கட்டணம் கிடையாது.