ரீ.எம்.எஸ்.ஐ.: தற்காலிகச் சந்தாதாரர் இலக்கம்

கையடக்கத் தொலைபேசி வலையமைப்பு ஒரு சிம் அட்டையை வான்வழியே கூப்பிடும்போது, அதன் நிரந்தர இலக்கத்தை வெளியே சொல்லாமல் பாவிக்கும் மாற்று இலக்கம் ரீ.எம்.எஸ்.ஐ. (TMSI). நீளம் 32 பிட். 2ஜி, 3ஜி அழைப்புகளுக்கு அதை ஒதுக்குவது வீ.எல்.ஆர்., அதாவது அந்தப் பகுதிக்குள் வந்திருக்கும் சிம்களின் விபரத்தை வைத்திருக்கும் வருகையாளர் பதிவேடு. ஆஸ்பத்திரியில் தரும் துண்டு இலக்கத்தைப் போல, கொடுத்த இடத்தில் மட்டுமே அதற்குப் பெறுமதி. வேறொரு பகுதியில் அதே இலக்கம் இன்னொருவரிடம் இருக்கலாம். அதனால்தான் பகுதி மாறும்போது தொலைபேசி பழைய பகுதியின் குறியீட்டையும் சேர்த்தே சொல்கிறது.

மறைக்கப்படும் நிரந்தர இலக்கம் ஐ.எம்.எஸ்.ஐ. (IMSI). வழக்கமாக 15 இலக்கங்கள் கொண்டது. முதல் மூன்று நாட்டைக் குறிக்கும், இலங்கைக்கு 413. அடுத்த இரண்டு நிறுவனத்தைக் குறிக்கும்: 01 மொபிடெல், 02 டயலொக். மிகுதிப் பத்தும் சந்தாதாரருக்கு உரியவை. இதை 07 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கத்தோடு குழப்பக்கூடாது. சிம் தொலைந்து, அதே தொலைபேசி இலக்கத்துக்குப் புது சிம் எடுத்தால் ஐ.எம்.எஸ்.ஐ. மாறிவிடும்.

இலக்கம் கைமாறும் ஒழுங்கு முக்கியம். தற்காலிக இலக்கம் இன்னும் இல்லாத தொலைபேசி முதலில் ஐ.எம்.எஸ்.ஐ.யைச் சொல்லும். சிம் உண்மையானதா என்று வலையமைப்பு சோதிக்கும். பிறகு மறைகுறியாக்கம், அதாவது செய்தியைப் பிறர் படிக்கமுடியாதபடி மாற்றுவது, தொடங்கும். அதன் பின்னரே புது ரீ.எம்.எஸ்.ஐ. மறைகுறியாக்கப்பட்ட செய்தியாக வரும். தொலைபேசி அதை ஏற்று சிம்மில் எழுதி வைக்கும். மறைகுறியாக்கம் இல்லாத வலையமைப்பில் பழைய இலக்கமும் புது இலக்கமும் ஒட்டுக்கேட்பவருக்கு அடுத்தடுத்துத் தெரிந்துவிடும். அங்கே இலக்கத்தை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

‘தற்காலிக’ என்ற சொல்லைத்தான் கவனமாகப் படிக்கவேண்டும். எவ்வளவு காலம் என்று அது சொல்வதில்லை. 4ஜி வரையான தரநிலைகள் எப்போது இலக்கத்தை மாற்றுவது என்பதைப் பெரும்பாலும் நிறுவனத்தின் தீர்மானத்துக்கு விட்டன. ஒருவர் ஒவ்வொரு நாளும் 100 ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகிறார் என்று வையுங்கள். ஒரே இலக்கம் நாட்கணக்கில் நீடித்தால், பம்பலப்பிட்டியில் ஒரு வானொலி வாங்கியோடு இருப்பவருக்கு அவரது பெயர் தெரியத் தேவையில்லை. அதே இலக்கத்துக்கான கூப்பாடு, அதாவது வலையமைப்பு வான்வழியே அதைக் கூப்பிடும் செய்தி, திரும்பத் திரும்பக் கேட்பதே போதும். இலக்கத்தையும் ஆளையும் பொருத்துவதும் கடினமல்ல: தெரிந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பு எடுத்து, மணி அடிக்கமுன் துண்டித்து, ஒவ்வொரு தடவையும் கூப்பாட்டு அலைவரிசையில் எந்த இலக்கம் பொதுவாக வருகிறது என்று பார்ப்பார்கள்.

மாற்றினாலும் எழுமாற்றாக, ஊகிக்கமுடியாதபடி மாற்றவேண்டும். தென்கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் 11 நாடுகளின் 28 வலையமைப்புகளைப் பரிசோதித்தபோது, 19 இல் புது இலக்கம் ஊகிக்கக்கூடிய ஒழுங்கிலேயே மாறுவதைக் கண்டார்கள். சில பைட்டுகள் அப்படியே இருக்க மற்றவை மட்டும் மாறினால், பழையதையும் புதியதையும் இணைத்துவிடலாம். 4ஜியில் இன்னொரு ஓட்டையும் இருந்தது: தொலைபேசி கூப்பாட்டைக் கேட்க விழிக்கும் நேரம், ஐ.எம்.எஸ்.ஐ.யை 1024 ஆல் வகுத்து வரும் மீதியிலிருந்து கணிக்கப்பட்டது. தற்காலிக இலக்கம் எத்தனை தடவை மாறினாலும் அந்த நேரம் மாறாது. 5ஜியில் இந்தக் கணக்கும் தற்காலிக இலக்கத்துக்கே மாற்றப்பட்டது.

மிகப் பெரிய பலவீனம் வேறொன்று. பதிவேடு பழுதாகி வலையமைப்பு ஒரு ரீ.எம்.எஸ்.ஐ.யை அடையாளம் காணமுடியாமல் போகலாம். அதற்காக ‘உன் ஐ.எம்.எஸ்.ஐ. என்ன?’ என்று கேட்கும் அடையாள வினவல் வைக்கப்பட்டது. இது சோதனைக்கு முன்னரே வருவதால் தொலைபேசி திறந்த பாஷையில் பதில் சொல்லும். போலிக் கோபுரம் வைத்து ஐ.எம்.எஸ்.ஐ. சேகரிக்கும் கருவிகள் இந்த வினவலையே பாவிக்கின்றன. 2ஜியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே வலையமைப்பு தொலைபேசியைச் சோதிக்கும், தொலைபேசி வலையமைப்பைச் சோதிக்காது. 3ஜியில் இருபுறச் சோதனை வந்தது, ஆனால் வினவல் அதற்கு முன்னால் வருவதால் ஓட்டை அடைபடவில்லை.

5ஜியில் நிரந்தர இலக்கத்தின் சந்தாதாரர் பகுதி, சொந்த நிறுவனத்தின் பொதுச் சாவியால் (பூட்ட மட்டும் உதவும், திறக்க உதவாது) பூட்டப்பட்டே வெளியே போகிறது. நாட்டுக் குறியீடும் நிறுவனக் குறியீடும் மட்டும் திறந்திருக்கும். பதிவின்போதும், கூப்பாட்டுக்குப் பதில் கொடுத்த பின்னும் தற்காலிக இலக்கத்தை மாற்றியே ஆகவேண்டும். ஆனால் சாவி இல்லாத பழைய சிம்மில் இந்தப் பூட்டு வேலை செய்யாது. திரையில் 5ஜி என்று காட்டினாலும் மைய வலையமைப்பு 4ஜியாக இருந்தால் 4ஜியின் விதிகளே பொருந்தும்.

உங்கள் இலக்கம் மாறுகிறதா என்று பார்க்க ஒரு சிம் வாசிப்பானும் சிம்மின் பின் (PIN) எனும் இரகசிய இலக்கமும் போதும். தொலைபேசியை முறையாக நிறுத்தி, சிம்மை எடுத்து, அதன் இருப்பிடத் தகவல் கோப்பைப் படியுங்கள். 2ஜி, 3ஜிக்கான கோப்பு 11 பைட். முதல் நான்கு ரீ.எம்.எஸ்.ஐ., அடுத்த ஐந்து பகுதிக் குறியீடு. 4ஜிக்கான கோப்பு 18 பைட். அதில் 9 முதல் 12 வரையான பைட்டுகளே தற்காலிக இலக்கம். 32 பிட்டும் 1 ஆக இருந்தால் செல்லுபடியாகும் இலக்கம் ஏதும் இல்லை. சில நாட்கள் விட்டு மறுபடி படித்து ஒப்பிடுங்கள். பின்னை மூன்று தடவை பிழையாக அடித்தால் சிம் பூட்டப்படும். அந்தப் பூட்டைத் திறக்கும் புக் (PUK) இலக்கத்தைப் பத்துத் தடவை பிழைவிட்டால் அட்டையே போய்விடும்.

அன்றொய்ட் 12 முதல் பல தொலைபேசிகளில் 2ஜியை நிறுத்தும் தெரிவு உண்டு. நிறுத்தி வைப்பது நல்லது. அவசர அழைப்புக்கு அது தடையில்லை. 4ஜியின் அடையாள வினவலை அது தடுக்காது. இந்த இலக்கம் ஒட்டுக்கேட்பவரிடமிருந்து மட்டுமே மறைக்கிறது என்பதையும் சேர்த்து விளங்கிக்கொள்ளவேண்டும். தேசிய அடையாள அட்டையைப் பார்த்து சிம்மைப் பதிந்த நிறுவனத்திடம் உங்கள் பெயரும் நடமாட்டமும் இருக்கும். அங்கே பேசவேண்டியது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

இனி தமிழ்ச் சொல். ‘தற்காலிக’ வடமொழி வழி வந்தது. ‘சந்தாதாரர்’ என்பதன் இரு பாதிகளும் பாரசீக மூலம். இரண்டும் நன்றாக வேரூன்றியவை. ‘பாவனையாளர்’ என்று மாற்றினால் பொருள் பிழைக்கும்: தகப்பனின் அடையாள அட்டையில் எடுத்த சிம்மைப் பிள்ளை பாவித்தாலும் இலக்கம் குறிப்பது சிம்மையும் அதன் சந்தாவையும்தான். ‘அடையாளம்’ என்று மட்டும் விட்டால் ஆளின் அடையாளம் என்ற மயக்கம் வரும். இது வெறும் 32 பிட் இலக்கம். ஆகவே ‘தற்காலிகச் சந்தாதாரர் இலக்கம்’ என்பதே எங்கள் தெரிவு, சுருக்கமாகத் ‘தற்காலிக இலக்கம்’. ஐ.எம்.எஸ்.ஐ.க்கு ‘நிரந்தரச் சந்தாதாரர் இலக்கம்’. 4ஜி, 5ஜியில் வரும் ‘குட்டி’ (GUTI) என்ற நீண்ட இலக்கத்தில் நாடு, நிறுவனம், மைய முனையம் ஆகியவற்றின் குறியீடுகளோடு தற்காலிக இலக்கமும் சேர்ந்திருப்பதால், அதை ‘முழுத் தற்காலிக இலக்கம்’ என்று வேறுபடுத்தி எழுதலாம்.