பனியாறு: கிளேசியருக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

டைட்டானிக் மோதியது பனிப்பாறையில் என்கிறோம், இமயமலையில் கங்கோத்ரி பனிப்பாறை உருகுகிறது என்றும் எழுதுகிறோம். முதலாவது கடலில் மிதந்த பனிக்கட்டி, இரண்டாவது பள்ளத்தாக்கில் கிடக்கும் பெரும் பனிக்கட்டித் திரள், அதாவது கிளேசியர். இந்தக் குழப்பம் தேவையே இல்லை, ஏனென்றால் கிளேசியருக்குப் பனியாறு என்ற நல்ல சொல் நம் பாடநூல்களிலேயே இருக்கிறது.

கிளேசியர் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனில் பனிக்கட்டியைக் குறிக்கும் 'கிளாசியெஸ்' அதன் வேர். அதில் ஓட்டம் என்ற பொருளே இல்லை.

அப்புறம் ஏன் ஆறு? நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக்கில் இருக்கும் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தைப் பாருங்கள், நிலப்பரப்பில் பாதிக்கு மேல் பனியாறுகள்தான். அங்கே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில், ஏறக்குறைய 79 டிகிரி வடக்கில், நி-ஆலெசுண்ட் என்று ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊர், இப்போது முழுக்க ஆய்வூர். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. ஊரை ஒட்டிய மித்ரே லொவேன்பிரீன் போன்ற சிறு பனியாறுகளை 1960களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் அளந்து வருகிறார்கள். பனிக்கட்டியில் துளையிட்டுக் கம்பங்களை நடுவார்கள். குளிர்காலம் முடியும்போது மேலே விழுந்த பனியின் ஆழத்தையும் அடர்த்தியையும் அளப்பார்கள், அது வரவு. கோடை முடிவில் கம்பம் எவ்வளவு கூடுதலாக வெளியே தெரிகிறதோ அந்த அளவு உருகியிருக்கிறது, அது செலவு. கணக்கு பெரும்பாலான ஆண்டுகளில் நட்டத்தில்தான் முடிந்திருக்கிறது, அதுதான் கவலை.

அதே கம்பத்தை ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தால் அது நட்ட இடத்தில் இருக்காது, கீழ்நோக்கி நகர்ந்திருக்கும். பனிக்கட்டி தன் எடையாலேயே மெல்ல உருமாறி வழிகிறது, சில இடங்களில் அடிப்பாறை மேல் வழுக்கவும் செய்கிறது. பக்கத்திலுள்ள க்ரோனபிரீன் பனியாறு ஆண்டுக்குச் சில நூறு மீட்டர் நகர்ந்து கடலோரத்தில் உடைந்து விழுகிறது. அப்படி உடைந்து மிதக்கும் துண்டுதான் பனிப்பாறை! பிள்ளையின் பெயரைத் தாய்க்கு வைப்பது எப்படிச் சரியாகும்?

தமிழில் பனி என்றால் மார்கழிப் பனியும் புல் நுனித் துளியும்தானே நினைவுக்கு வரும் என்று கேட்கலாம். நியாயம்தான், அதனால் சிலர் பனிக்கட்டியாறு என்று எழுதுவதுண்டு, அதுவும் சரியே. எனக்குப் பனியாறு போதும், வாயில் எளிதாக வருகிறது, பனியாற்றியல், பனியாற்று ஏரி என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் பிறக்கின்றன. கடல்நீரே உறைந்து மேலே படர்வது மட்டும் பனியாறு, பனிப்பாறை இரண்டிலும் சேராது, அது கடற்பனி.