112ஆம் பக்கத்தில் நின்றுபோன நாவல்

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நாவல் தொடங்குகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கார்த்திகை பிறந்ததும் அவர்களில் சிலர் என்னை அழைப்பார்கள். கைப்பிரதிகளைச் செம்மையாக்கித் தருவது என் தொழில். எழுதி முடிக்காதவர்களின் புலம்பலைக் கேட்பது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த கூலியில்லா வேலை. முதல் நூறு பக்கம் ஓடியது, அப்புறம் நகரவில்லை என்பார்கள்.

கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் ஓர் ஆசிரியை. இரண்டு பங்காளிகள், ஒரு கிணறு, முறைத் தண்ணீர்த் தகராறு. கொங்கு நாட்டில் இந்தக் கதைக்குப் பஞ்சமே கிடையாது; ஆனால் அவர் எழுத்தில் ஈரம் இருந்தது. 112ஆம் பக்கத்தில் நின்றுவிட்டார். “ஏனுங்க, எனக்கு எழுதவே வராதோ?” என்றார். முதல் அத்தியாயத்தை எத்தனை முறை திருத்தினீர்கள் என்று கேட்டேன். ஒன்பது முறை.

நடுவில் சிக்கியவர்கள் அநேகமாக இதைத்தான் செய்கிறார்கள். உழைத்த களைப்பு கிடைக்கும், பக்கம் ஏறாது. பிற்பாடு அந்த அத்தியாயமே வேண்டாம் என்று தெரியவரும்போது, ஒன்பது முறை இழைத்ததைத் தூக்கிப்போட மனம் வராது.

தொடர்கதை எழுதியவர்களுக்கு இந்த வசதி இருக்கவில்லை. கல்கி 1950 அக்டோபரில் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954 வரை வாராவாரம் வந்தது. அச்சேறிய அத்தியாயத்தை வாசகர் கையிலிருந்து பிடுங்கித் திருத்த முடியுமா? முன்னால் போகத்தான் வேண்டும். நமக்கோ கணினி வேறு வந்து, அழிப்பதை விளையாட்டாக்கிவிட்டது.

கதை நிற்கும் இடம் ஒன்று, பழுது இருக்கும் இடம் வேறு. காளிங்கராயன் வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் கடைமடையையா தோண்டுவார்கள்? மேலே எங்கோ அடைத்திருக்கும். ஆசிரியையின் நாவலில் அடைப்பு 7ஆம் அத்தியாயத்தில் இருந்தது. அங்கே பெரியப்பா, கிணற்றில் தன் பங்கைச் சண்டை சச்சரவில்லாமல் எழுதிக்கொடுத்துவிடுகிறார். ஏன் என்று கேட்டேன். “அவரைக் கெட்டவராகக் காட்ட மனசு வரவில்லைங்க.” சரி, ஆனால் அந்தக் கையெழுத்தோடு தகராறு தீர்ந்துவிட்டது. அதன் பிறகு ஒரு கல்யாணம், ஒரு மாரியம்மன் பொங்கல், ஒரு மழை. எல்லாமே அழகு, யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

உடனே 7ஆம் அத்தியாயத்துக்குத் திரும்பக் கிளம்பினார். தடுத்தேன். “பெரியப்பா கையெழுத்துப் போடவில்லை” என்று ஓரத்தில் குறித்துவிட்டு, அவர் போடவே இல்லை என்பதுபோல 14ஆம் அத்தியாயத்தை எழுதச் சொன்னேன். முன்னுக்குப் பின் முரணாக இருக்கும், இருக்கட்டும். முதல் வரைவை உங்களைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்? சிவப்பு மையோடு வாழ்கிற ஆசிரியைக்குத் தவறை அப்படியே விட்டுவிட்டு நகர்வது லேசான காரியமில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பத்திரப்பதிவில் கிணற்றுப் பங்கை எப்படி எழுதுவார்கள் என்று விசாரிப்பதிலேயே மூன்று வாரம் போயிருந்தது. அந்த இடத்தில் ‘விசாரிக்க’ என்று ஒரு சொல் போதும். பஞ்சாயத்துக் காட்சி வரவில்லையென்றால் ‘இங்கே பஞ்சாயத்து’ என்று எழுதிவிட்டு மறுநாள் காலைக்குப் போகலாம். பள்ளிக்குக் கிளம்பும் முன் 300 சொல் என்று பேசிக்கொண்டோம். சில நாள் 80தான் வந்தது.

தொடங்கிய எல்லா நாவலையும் முடித்தே தீர வேண்டும் என்பவன் நானில்லை. இரண்டு வாரம் தள்ளி வைத்தும் அந்த மனிதர்கள் நினைவுக்கே வரவில்லையென்றால் விட்டுவிடலாம். இவருக்கோ தோசை வார்க்கும்போதும் பெரியப்பா வந்து நின்றிருக்கிறார்.

பங்குனியில் வரைவை முடித்தார். இப்போதுதான் 7ஆம் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார். பெரியப்பா மோட்டார் அறைக்குப் பூட்டு வாங்கக் கடைவீதிக்குப் போயிருக்கிறாராம்.