"சீனியே தொடுறதில்ல மேடம்"

மதுரையில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். வருகிறவர்களிடம் முதல் தடவையே சொல்லிவிடுவேன், அடுத்த முறை வரும்போது அடுப்படியில் இருக்கிற பாக்கெட், டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாங்க என்று. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் இட்லி, தோசை, சோறு என்று மட்டும்தான் சொல்வார்கள், மறைக்க வேண்டும் என்று இல்லை, டீயோடு கடிக்கிற பிஸ்கட்டை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அப்படித்தான் ஒரு ஐயா, ஓய்வு பெற்றவர், மனைவியோடு வந்தார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. "காபில கூடச் சீனியே தொடுறதில்ல மேடம், அப்புறம் எப்படி ஏறுது?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். பையைத் திறந்தேன். மல்டிகிரெய்ன் பிஸ்கட், பிரவுன் பிரெட், சுகர் ப்ரீ மைசூர்பாகு ஒரு பெட்டி, ஊறுகாய் பாட்டில்.

பிஸ்கட் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கோதுமைக் கதிர், ஓட்ஸ் படம், நார்ச்சத்து என்று பெரிய எழுத்து. திருப்பினால் பொடி எழுத்து, போன் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. சேர்மானப் பட்டியலில் முதலில் இருந்தது ரிபைன்ட் வீட் ப்ளோர். "வீட்னா கோதுமைதானே?" என்றார். இல்லை ஐயா, அது மைதா. முழுக் கோதுமை மாவு என்றால் ஹோல் வீட் ப்ளோர் அல்லது ஆட்டா என்று போட்டிருக்கும். அடுத்தது சீனி, அடுத்தது பாமாயில். ஓட்ஸ் எங்கோ கடைசியில், 3 சதவீதம்.

இந்த வரிசை தற்செயல் இல்லை. எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும், அப்படியே இறங்கு வரிசையில் போக வேண்டும் என்பது சட்டம். முன்பக்கத்தில் ஒரு பொருளைப் படம் போட்டோ பெயர் போட்டோ பெரிதாகக் காட்டினால், அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதுதான் எஃப்எஸ்எஸ்ஏஐ, 2020-இல் கொண்டுவந்த லேபிள் விதிமுறைகளில் இது இருக்கிறது. அந்த 3 சதவீதம் பின்பக்கத்தில் அச்சானது அதனால்தான்.

சீனியிலும் ஒன்று கவனிக்க வேண்டும். ஒரே பட்டியலில் சுகர், இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று நாலு பெயர் தனித்தனியாக வரும். பிரித்து எழுதும்போது ஒவ்வொன்றும் வரிசையில் கீழே போய்விடுகிறது, ஆனால் நம் ரத்தத்துக்கு நாலும் ஒன்றுதான். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் என்று போட்டிருந்தாலும் சுகர் ஏறத்தான் செய்யும், இதை நான் தினமும் சொல்கிறேன், தினமும் யாராவது ஒருவர் முகம் வாடுகிறது.

அப்புறம் கணக்கு. அந்தப் பாக்கெட்டில் ஒரு சர்விங், ஒரு தடவை சாப்பிடுகிற அளவு, 20 கிராம், அதாவது இரண்டு பிஸ்கட், அதில் ஆடட் சுகர், தனியாகச் சேர்த்த சீனி, 4.4 கிராம், ஒரு நாள் அளவில் 9 சதவீதம். பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஐயா சாப்பிடுவது காலையில் நாலு, சாயங்காலம் நாலு. 80 கிராம் பிஸ்கட், 17.6 கிராம் சீனி. டீஸ்பூனில் அளந்து ஒரு தட்டில் கொட்டிக் காட்டினேன், மூன்றரை ஸ்பூன். ஐயாவின் மனைவி, அந்த அம்மா, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சதவீதமும் 2,000 கிலோகலோரி, 50 கிராம் ஆடட் சுகர் என்ற பொது அளவை வைத்துப் போடுவது, சுகர் நோயாளிக்காகப் போட்டதில்லை. அதனால் சர்விங் கணக்கை விட்டுவிட்டு 100 கிராமுக்கு எவ்வளவு என்ற கட்டத்தைப் பாருங்கள், இரண்டு பாக்கெட்டை ஒப்பிட அதுதான் வசதி.

சுகர் ப்ரீ என்று போட 100 கிராமில் சீனி 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த மைசூர்பாகு அதை மீறியிருக்காது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கடலை மாவும் நெய்யும் அப்படியேதான் இருக்கின்றன, மாவுச்சத்து கட்டத்தையும் கலோரி கட்டத்தையும் யாரும் பார்ப்பதில்லை. சீனிக்குப் பதில் மால்டிடால் மாதிரி பாலியால் என்கிற இனிப்புப் பொருள் சேர்த்திருந்தது, நிறையச் சாப்பிட்டால் வயிற்றால் போகும், அந்த எச்சரிக்கையும் பெட்டியில் இருந்தது. பிரவுன் பிரெட்டுக்கு அதிகம் சொல்ல வேண்டாம்: பட்டியலில் முதலில் மைதா, கீழே 150ஏ என்று ஒரு எண், அது கேராமல் நிறம்.

மற்றவை சுருக்கமாக. பாக்கெட்டில் இருக்கிற எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் 14 இலக்கம், ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் போட்டால் அது உண்மையா என்று தெரிந்துவிடும், ஆனால் எண் இருப்பதாலேயே உடம்புக்கு நல்லது என்று அர்த்தமில்லை. வீட்டில் குழந்தைக்கு நிலக்கடலையோ பாலோ முட்டையோ ஒத்துக்கொள்ளாது என்றால் சேர்மானப் பட்டியலை ஒட்டி வரும் கன்டெய்ன்ஸ், அதாவது ஒவ்வாமை தரும் எவையெல்லாம் இதில் இருக்கின்றன என்ற வரியை ஒவ்வொரு முறையும் படியுங்கள், போன மாதம் வாங்கிய அதே பிஸ்கட்தானே என்று விட்டுவிடாதீர்கள், சேர்மானம் மாறும்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு. அம்மா தமிழ் நன்றாகப் படிப்பார், வீட்டில் சாமான் வாங்குவதும் அவர்தான். "தமிழ்ல போட்டிருந்தா நானே பாத்துருப்பேனே" என்றார். விதிப்படி லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும், வேறு மொழியில் கூடுதலாகப் போடலாம், கட்டாயமில்லை. விளம்பர வாசகத்தைத் தமிழில் அழகாக அச்சடிக்கிற கம்பெனி, சேர்மானத்தையும் அதே தமிழில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? இதற்கு நாம் கேட்க வேண்டும், நுகர்வோர் சங்கங்கள் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும் ஆகட்டும் என்று ஒரு தாளில் பத்துப் பதினைந்து சொற்களை ஆங்கில எழுத்திலும் பக்கத்தில் தமிழிலும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அம்மா அந்தத் தாளை நாலாய் மடித்து பர்ஸில் வைத்திருந்தார். பிஸ்கட் நின்றுவிட்டது, சாயங்காலம் சுண்டல். ஊறுகாய் பாட்டிலை மட்டும் மறுபடி கொண்டு வந்திருந்தார், சோடியம் என்ற இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு. 100 கிராமுக்கு 5,000 மில்லிகிராம். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு, பன்னிரண்டரை கிராம், ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம்தான் என்றேன். ஐயா எதுவும் சொல்லவில்லை. அம்மா பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "இவருக்கு இனி விரல் நுனியில தொட்டுக்க மட்டும்தான்" என்றார்.