பந்து வராமல் போனால் மூளைக்கு என்ன ஆகிறது?

கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் கொஞ்ச நாளாக "வெட்டணும், கொளுத்தணும்" என்றே பேசிக்கொண்டிருந்தானாம். போன வாரம் அவனைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். "நன்றாகப் படித்தவன் சார், யாரோ மூளைச்சலவை செய்துவிட்டார்கள், இதற்கு அறிவியலில் விளக்கம் உண்டா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உண்டு. ஆனால் மூளைச்சலவை என்ற சொல்லை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். என்னைக் கேட்டால் அது பேய் பிடித்துவிட்டது என்பதைப் படித்தவர்கள் சொல்லும் விதம்தான். எவனோ வெளியிலிருந்து வந்து புகுந்துகொண்டான், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வறுமை, படிப்பின்மை, மனநோய் எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்துவிட்டார்கள். ஒருவன் ஏன் தீவிரவாதி ஆகிறான் என்பதற்கு எதுவும் தனியாக நின்று விளக்கம் தருவதில்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று பார்சிலோனாவின் ராம்ப்ளா வீதியில் கூட்டத்துக்குள் வேனை விட்ட கும்பலில் பெரும்பாலோர் ரிப்போல் என்ற சின்ன ஊரில் வளர்ந்த பையன்கள், ஊர் மொழியான கட்டலானைச் சரளமாகப் பேசியவர்கள்.

அதே பார்சிலோனாவில்தான் நான் சொல்ல வரும் ஆய்வும் நடந்தது. அதற்கு முன் அதில் பயன்பட்ட ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் நாயோடு பூங்காவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்த ஃப்ரிஸ்பி தட்டு அவர் பக்கம் வந்து விழ, எடுத்துத் திருப்பி எறிந்தார். அவர்களும் இவருக்கு எறிய, கொஞ்ச நேரம் மூன்று பேராக ஆடினார்கள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் அந்த இருவரும் தங்களுக்குள் மட்டும் எறியத் தொடங்கிவிட்டார்கள். அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஆட்கள், இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை, ஆனாலும் மனசு ஏன் இப்படி வலிக்கிறது என்று அவருக்கே ஆச்சரியம். அதைத்தான் பிற்பாடு கணினிக்குக் கொண்டுவந்தார்கள், பெயர் சைபர்பால். திரையில் இரண்டு பொம்மை ஆட்கள், கீழே உங்கள் கை. முதலில் சில தடவை பந்து வரும். பிறகு வராது. அவர் இவருக்கு, இவர் அவருக்கு, மறுபடி அவர் இவருக்கு. எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த நிரல் என்று தெரிந்துகொண்டே வீட்டு லேப்டாப்பில் ஆடிப் பார்த்தேன்; கொஞ்ச நேரத்தில் மவுஸை இறுக்கிப் பிடித்திருந்தேன். தெரு கிரிக்கெட்டில் ஒப்புக்குச் சப்பாணியாக நிறுத்தப்பட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்த வலி எந்த நியாயத்துக்கும் அடங்குவதில்லை. எதிரில் ஆடுவது கணினிதான் என்று சொல்லிவிட்டு ஆடவிட்டார்கள், வலித்தது. பந்து கைக்கு வந்தால் காசு போகும் என்று விதியை மாற்றினார்கள், பந்து வராததற்கு அப்போதும் வலித்தது. இன்னொரு சோதனையில், உங்களோடு ஆடுகிறவர்கள் அமெரிக்காவின் கூ க்ளக்ஸ் க்ளான் இனவெறிக் கூட்டம் என்றார்கள். பார்த்தாலே அருவருப்பான கூட்டம், அது பந்து போடவில்லை என்பதற்கும் வலித்தது! ஒதுக்கப்பட்டோம் என்பதை மனசு முதலில் பிடித்துக்கொள்கிறது, யார் ஒதுக்கினார்கள், எதற்கு என்ற கணக்கெல்லாம் பின்னால்தான் வருகிறது.

சரி, பார்சிலோனா. நஃபீஸ் ஹமீத், கிளாரா ப்ரெட்டுஸ், மானுடவியலாளர் ஸ்காட் ஆட்ரன் ஆகியோர் இருந்த குழு, மொராக்கோ வம்சாவளி இளைஞர்கள் 500க்கும் மேற்பட்டோரிடம் பேசி, மதத்துக்காக வன்முறையில் இறங்கத் தயார் என்ற 38 பேரை மூளை ஸ்கேனுக்குச் சம்மதிக்க வைத்தது. (அதற்குத் தெருத்தெருவாக எத்தனை டீ குடித்தார்களோ!) ஒவ்வொருவருக்கும் எந்தக் கொள்கை புனிதம், எது முக்கியம்தான் ஆனால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று முதலில் பிரித்தார்கள். புனிதம் என்றால் எவ்வளவு கொடுத்தாலும் மாற மாட்டேன் என்பது. அம்மாவின் தாலிக்கு ஒருவன் கிராம் விலை கேட்டால் எப்படிக் கோபம் வரும், அது.

பிறகு ஸ்பானியர்களோடு ஆடுவதாகச் சொல்லி சைபர்பால். பாதிப் பேருக்குப் பந்து வந்தது, மீதிப் பேருக்கு நின்றுபோனது. அதன்பின் ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, ஒவ்வொரு கொள்கைக்காகவும் சண்டையிடவும் சாகவும் எவ்வளவு தயார் என்று மதிப்பெண் கேட்டார்கள். புனிதமானவை வந்தபோது இடது முன்மூளையில், விதிகளைக் கையாளும் வேலையோடு தொடர்புடைய ஒரு மடிப்பு வேலை செய்தது. பந்து வராதவர்களுக்குப் பேசித் தீர்க்கலாம் என்றிருந்தவற்றுக்கும் அதே மடிப்பு வேலை செய்தது, மதிப்பெண்ணும் ஏறியது. அதாவது, யாரும் பிரசங்கம் செய்யவில்லை, துண்டுப் பிரசுரம் கொடுக்கவில்லை. பந்து வராமல் போனதிலேயே பேரம் பேசலாம் என்ற வரிசையில் இருந்தவை பேசவே கூடாது என்ற வரிசையை நோக்கி நகர்ந்துவிட்டன.

38 பேர் குறைவுதான். மதிப்பெண் போடுவதும் கத்தியைத் தூக்குவதும் ஒன்றல்ல. ஆனாலும் அதே குழு 2019இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு இதோடு நன்றாகப் பொருந்துகிறது. லஷ்கர் இயக்கத்தை ஆதரித்த 30 பாகிஸ்தானியர்கள். புனிதமானவை வந்தபோது, லாப நஷ்டம் பார்க்கும் முன்மூளைப் பகுதி இவர்களிடம் அடங்கிக் கிடந்தது. பிறகு, உன் சமூகத்து ஆட்களே இந்த அளவுக்குத் தயாராக இல்லை என்று அவர்கள் போட்டதாகச் சொல்லிக் குறைந்த மதிப்பெண்களைக் காட்டினார்கள். இவர்களுடையதும் இறங்கியது, அடங்கிக் கிடந்த பகுதியும் அசைந்தது.

இந்த மாதிரி ஆய்வுக்குக் காசு கிள்ளித்தான் வரும். யார் தீவிரவாதி ஆவான் என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் என்றால் அரசுகள் அள்ளிக் கொடுக்கும். 10 லட்சம் பேரில் 10 பேர்தான் ஆபத்தானவர்கள் என்றால், 100க்கு 99 சரியாகச் சொல்லும் மென்பொருள்கூட 10,000 அப்பாவிகளைக் கைகாட்டும். அந்த 10,000 பேருக்கும் அன்றிலிருந்து பந்து வராது.

உங்கள் குரூப்புக்கு வருகிறேன். ஆளைக் குறிப்பிட்டு மிரட்டல் விட்டிருந்தால் போலீஸிடம்தான் போக வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. வெறும் பேச்சுதான் என்றால், அவன் இன்னும் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறான், அங்கே அவனை மறுத்துப் பேசும் கூட்டாளி ஒருவராவது உண்டா என்று விசாரியுங்கள். கொள்கை விவாதமெல்லாம் இப்போது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு ஆள் குறைகிறது, அவன்தான் முன்பு விக்கெட் கீப்பர் என்று உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். ஒரு போன் போடுங்கள்.