பென்சில்வேனியாவில் உங்கள் நீதிபதியை மே மாதமே முடிவு செய்துவிடுகிறார்கள்

வாடகை வீட்டு முன்பணத் தகராறு ஒன்று முடிந்து வெளியே வந்ததும் வழக்கறிஞரான என்னிடம் என் கட்சிக்காரர் கேட்டார்: "இந்த ஜட்ஜை யார் மேடம் போட்டது? வக்கீலுக்குக்கூடப் படிக்கலையாமே!" கேட்டவர் அமெரிக்கக் குடிமகன், அதிபர் தேர்தலில் தவறாமல் ஓட்டுப் போடுகிறவர். பிலடெல்பியா புறநகர்த் தமிழர்களிடமிருந்து இதே கேள்வியை இன்னும் எத்தனை முறை கேட்பது என்ற ஆற்றாமையில்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த நீதிபதியை யாரும் நியமிக்கவில்லை. மேஜிஸ்டீரியல் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் என்பது 6 ஆண்டுகளுக்கான தேர்தல் பதவி. சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; படிக்காதவர் பயிற்சி வகுப்பு முடித்து, தேர்வில் தேறினால் போதும். பிலடெல்பியா நகருக்குள் மட்டும் ஏற்பாடு வேறு. டிராஃபிக் டிக்கெட், 12,000 டாலர் வரையிலான பண வழக்கு, வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, கைது வாரண்ட், போலீஸ் பிடித்துக்கொண்டு போன கல்லூரிப் பையனின் ஜாமீன் எல்லாம் முதலில் இவரிடம்தான் வரும். நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் பார்க்கப்போகும் ஒரே நீதிபதி இவராகத்தான் இருப்பார்.

"நான் எந்தக் கட்சியும் இல்லை, வாக்காளர் பட்டியலில் நடுநிலையாகப் பதிவு செய்திருக்கிறேன். நீதிபதி விஷயத்தில் அதுதானே நியாயம்?" என்று பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்குப் பொறுமை போவது இங்கேதான். தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். இந்தப் பதவிக்குப் போட்டியிடுபவர் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டின் பிரைமரியிலும் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) பெயர் கொடுக்கலாம். இரண்டிலும் அவரே ஜெயித்துவிட்டால் நவம்பர் வாக்குச்சீட்டில் எதிர்த்து நிற்க அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். அதாவது, முடிவு மே மாதமே ஆகிவிடுகிறது. அந்த மே பிரைமரியில் வேட்பாளருக்கு ஓட்டுப் போட, அந்தந்தக் கட்சியில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே உரிமை. நடுநிலை என்று பதிந்த உங்களுக்கு அங்கே இடமே கிடையாது. கட்சியில் பதிவதால் நவம்பரில் அந்தக் கட்சிக்கே போட வேண்டும் என்றும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். நடுநிலை என்று நினைத்து நீங்கள் செய்வது, முடிவை அடுத்தவர் கையில் கொடுப்பதுதான்.

இன்னொன்று. இந்தத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில் வரும். டிவியில் ஆரவாரம் இருக்காது, வாட்ஸாப்பில் யாரும் சண்டை போட மாட்டார்கள். உங்கள் தொகுதிக்கு எந்த ஆண்டு வருகிறது என்று கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகப் பதியவோ கட்சியை மாற்றவோ தேர்தலுக்கு 15 நாள் முன்பே முடித்துவிடுங்கள். தபால் ஓட்டு என்றால், தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று தபாலில் போட்டால் செல்லாது.

கிரீன் கார்டு, எச்1பி நண்பர்களே, இதைப் படித்துவிட்டு உற்சாகத்தில் நீங்கள் பதிந்துவிடாதீர்கள். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வாக்காளராகப் பதிய வேண்டுமா என்று கேட்டாலும் குடிமகன் அல்ல என்றே சொல்லுங்கள். படிவத்தில் தெரியாமல் ஒரு கட்டத்தில் டிக் அடித்தது குடியுரிமை நேர்காணலில் பெரும் சிக்கலாக வந்து நிற்கும்.

வழக்கு நடக்கும்போது "ஜட்ஜுக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா?" என்று என்னிடம் கேட்காதீர்கள். எதிர்த்தரப்பு இல்லாமல் அவரிடம் வழக்கைப் பற்றிப் பேசவே கூடாது. நோட்டீஸ் வந்தால் குறித்த தேதிக்குப் போய் நில்லுங்கள், அதுவே பாதி வேலை. தோற்றாலும் மேல்முறையீடு உண்டு: குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யும் உத்தரவுக்கு பொதுவாக 10 நாள், பணத் தீர்ப்புக்கு 30 நாள். பதினோராவது நாள் என்னைக் கூப்பிட்டு அழுதால் நான் என்ன செய்ய முடியும்?

பேச வேண்டிய நேரம் வேறு. தேர்தல் ஆண்டின் தொடக்கத்தில் வேட்பாளர்கள் தங்கள் வேட்புமனுவுக்குக் கையெழுத்து வாங்க வீடு வீடாக வருவார்கள். கதவைச் சாத்தாதீர்கள். "அபராதத்தைக் குறைப்பீர்களா?" என்று கேட்காதீர்கள், வழக்கில் இப்படித் தீர்ப்பளிப்பேன் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கக் கூடாது. இதுவரை என்ன வேலை பார்த்தார், ஆங்கிலம் தடுமாறும் பெற்றோர் தனியாக வந்து நின்றால் மொழிபெயர்ப்பாளருக்கு ஏற்பாடு செய்வாரா என்று கேளுங்கள்.