பார்ட்னர்: பங்காளியா, கூட்டாளியா, துணையா?

'பார்ட்னர் தேவை' என்று நம்மூர் நாளிதழில் வரி விளம்பரம் வந்தால், முதல் போட ஆள் தேடுகிறார்கள் என்று அர்த்தம். இதே சொல் அமெரிக்கச் சிற்றூர் மருத்துவமனையின் அறிவிப்பில் வரும்போது அர்த்தம் வேறாகிவிடுகிறது. 'எங்கள் எதிர்காலத்துக்காக பார்ட்னர் தேடுகிறோம்' என்பதை எப்படித் தமிழில் எழுதுவது?

முதலில் வேர். ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். முந்தைய வடிவம் 'பார்சனர்'. பாகம் பிரித்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்தான் அதற்கு மூலம். ஒரே சொத்துக்கு உடன் வாரிசாக இருப்பவர் பார்சனர். பிறகு 'பார்ட்' என்ற சொல்லின் சாயல் ஏறி பார்ட்னர் ஆனது. நம் வக்கீல்கள் குடும்பச் சொத்து வழக்கில் 'கோபார்சனர்' என்கிறார்களே, அது அந்தப் பழைய வடிவத்தின் மிச்சம்.

அப்படிப் பார்த்தால் நேர்த் தமிழ் பங்காளிதான். பங்கை ஆள்பவர். ஆனால் நம்மிடம் பங்காளி என்றால் தந்தைவழி உறவு. பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது, சாவுத் தீட்டு உண்டு, வரப்புத் தகராறு கட்டாயம் உண்டு. பங்காளியை யாரும் தேடிப் போவதில்லை. பிறக்கும்போதே கூட வருகிறவர்கள் அவர்கள்.

அடுத்தது கூட்டாளி. 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தைச் சொல்லித்தரும் வணிகவியல் பாடநூல்கள் இந்தச் சொல்லைத்தான் ஆள்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் இதுவே பங்குடைமை, பங்காளர். அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி கூட்டாண்மைக்கு அடிப்படை, இலாபத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொள்வது. (ரவுடியும் கூட்டாளிகளும் கைது என்று செய்தித்தாள்கள் இந்தச் சொல்லைப் படுத்தும் பாடு தனிக்கதை.)

அமெரிக்கச் சிறு மருத்துவமனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கூட்டாளி பொருந்தாமல் போவது இங்கேதான். பல, இலாப நோக்கற்ற அமைப்புகள். வேறு பல, மாவட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தவை. பங்குகள் கிடையாது. வருமானத்தில் மீதி விழுந்தாலும் யாரும் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. பிறகு என்னத்தைப் பகிர்வது?

பகிர்வதற்கல்ல, பிழைப்பதற்கே தேடுகிறார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 1983இல் நோய்க்கு இவ்வளவு என்று தொகையை முன்கூட்டியே நிர்ணயிக்கத் தொடங்கியது. நோயாளி வரத்து குறைந்த ஊர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. 1997இல் இத்தகைய சிறு மருத்துவமனைகளுக்கென்று மெடிகேரில் தனிப் பிரிவு ஒன்று உருவானது. அதிகபட்சம் 25 படுக்கை, பொதுவாக அடுத்த மருத்துவமனை 35 மைலுக்கு அப்பால், உள்நோயாளி தங்குவது சராசரியாக 96 மணி நேரத்துக்குள் என்று விதி; பதிலுக்கு மெடிகேர் செலவுக் கணக்குப்படி பணம் தரும். அப்படியும் 2010க்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டன, அல்லது உள்நோயாளிப் பிரிவை நிறுத்தின. சிறப்பு டாக்டர்கள், மருந்துக் கொள்முதலில் பேரம் பேசும் பலம், கணினி மென்பொருள், கடன் வாங்கும் தகுதி எல்லாம் பெரிய மருத்துவமனைக் குழுமங்களிடம் இருக்கின்றன. ஆகவே சிறியவர்கள் அந்தக் குழுமங்களின் வாசலுக்குப் போகிறார்கள்.

அங்கே நடப்பது பல சமயம் விற்பனைகூட இல்லை. அமைப்பின் விதிகளைத் திருத்தி, பெரிய குழுமத்தை 'ஒரே உறுப்பினர்' ஆக்கிவிடுவார்கள். பெயர்ப் பலகை அப்படியே தொங்கும். நிர்வாகக் குழுவை நியமிப்பதும் பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவதும் கைமாறிவிடும். இதை 'அஃபிலியேஷன்' என்றும் மென்மையாகச் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பது மகன் என்னும் லத்தீன் சொல், பழம்பொருள் தத்தெடுத்தல். கல்லூரிகளுக்கு நாம் சொல்லும் 'இணைவு' இந்த அளவுக்கு உண்மை பேசுவதில்லை.

மாசசூசெட்ஸ் கடலோரத்தில் மார்த்தாஸ் வின்யார்ட் என்றொரு தீவு. அங்கிருக்கும் 25 படுக்கை மருத்துவமனை பாஸ்டனின் பெரிய குழுமத்தோடு சேர்ந்தது. இரண்டு பெரிய மருத்துவமனைகள் கைகோத்து 1994இல் தொடங்கிய அந்தக் குழுமத்தின் பெயரே 'பார்ட்னர்ஸ் ஹெல்த்கேர்'. 2019இல் அதை 'மாஸ் ஜெனரல் பிரிகம்' என்று மாற்றப்போவதாக அறிவித்தார்கள். அந்த இரண்டு பெரியவர்களின் பெயர் நின்றது, பார்ட்னர் போய்விட்டது.

என் தேர்வு துணை. திருக்குறளின் 45ஆம் அதிகாரமே 'பெரியாரைத் துணைக்கோடல்'தான். கோடல் என்றால் கொள்ளுதல். வள்ளுவர் சொல்லும் பெரியார் அறிவிலும் ஒழுக்கத்திலும் பெரியவர், படுக்கை எண்ணிக்கையில் அல்ல. ஆனாலும் சிறியது பெரியதை நாடிப் போகும் சாய்வு அந்தச் சொல்லில் இருக்கிறது. வழித்துணை என்னும்போது அது காவல். துணைவேந்தர், துணை நிறுவனம் என்னும்போது அடுத்த படி. 1798இல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி இந்திய மன்னர்களிடம் கொண்டுவந்த துணைப்படைத் திட்டத்தில் இரண்டு பொருளும் சேர்ந்தே இருந்தன. காவலுக்கென்று கம்பெனிப் படை வந்தது, அதிகாரம் கைமாறியது. 1799 உடன்படிக்கைக்குப் பின் தஞ்சை சரபோஜிக்குக் கோட்டையும் அரண்மனையும் பட்டமும்தான் மிச்சம்.

'துணை தேடும் மருத்துவமனை' என்று தலைப்பிடலாம். ஆனால் நிர்வாகக் குழுவை இனி யார் நியமிப்பார்கள் என்பதைச் செய்தியின் முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும்.